முற்றுப்பெறாத வரிசை: சிசுமார் வகை நீர்மூழ்கிக் கப்பல்களின் வரலாறும் வடிவமைப்பும்

முன்னுரை

தமிழர் கப்பற்கலை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சங்க இலக்கியங்கள் கூறும் வங்கம், நாவாய், அம்பி முதலிய கலங்களைப் பற்றியும் சோழர்தம் கடற்படையெடுப்புகளைப் பற்றியும் அமைந்துள்ளன. பிற்காலத்தெழுந்த கப்பல் சாத்திரம் போன்ற நூல்கள் கலம் கட்டுதற்குரிய மரம், அளவு முதலியவற்றை வகுத்துரைக்கின்றன. கலம் கட்டுதல் ஏட்டில் எழுதிவைக்கத்தக்க அறிவாகவும் கையாற் பயின்று வரத்தக்க தொழிலாகவும் ஒருங்கே விளங்கியமையை இந்நூல்களால் அறியலாம். ஏட்டறிவு நூலாக எஞ்சி நிற்கும். கைத்தொழிலறிவோ தொடர்ந்து செய்வார் இல்லாதவிடத்து ஒரு தலைமுறைக்குள் தேய்ந்து மறையும்.

இவ்வுண்மை மரக்கலங்களுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், மும்பையின் மசகான் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கி இடையில் நின்றுபோன நீர்மூழ்கிக் கப்பல் வரிசையின் வரலாறும் இதனையே காட்டுகிறது. ஒரே வடிவமைப்பின்படி கட்டப்படும் போர்க்கப்பல்களின் தொகுதியை 'வகை' எனக் கடற்படையினர் வழங்குவர். முதற்கலத்தின் பெயரே அவ்வகைக்கும் பெயராகும். ஆறு கலங்களாக அமையவிருந்து நான்கோடு நின்ற சிசுமார் வகையின் வரலாற்றையும் வடிவமைப்பையும் விளக்கி, அவ்வரிசை முற்றுப்பெறாமையால் நேர்ந்த இழப்பு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடற்படையின் தேவை

இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான கல்வரி, 1967 டிசம்பர் 8ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் ரிகா துறைமுகத்தில் படையிற் சேர்க்கப்பட்டது. கல்வரி என்பது புலிச்சுறாவைக் குறிக்கும் மலையாளச் சொல் எனக் கடற்படை விளக்கம் தருகிறது. 1974க்குள் இவ்வகையைச் சார்ந்த எட்டுக் கலங்கள் வந்து சேர்ந்தன. எட்டும் சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டவை.

1971ஆம் ஆண்டுப் போர், நீர்மூழ்கிக் கப்பலின் வலிமையை இருதரப்பிற்கும் உணர்த்தியது. பாகிஸ்தானின் காசி என்னும் நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்தின் அருகே மூழ்கியது. டிசம்பர் 9ஆம் நாள், பிரெஞ்சு நாட்டில் கட்டப்பட்ட ஹங்கோர் என்னும் பாகிஸ்தானியக் கலம் தியு கடற்பகுதியில் இந்தியப் போர்க்கப்பலான குக்ரியைத் தாக்கி மூழ்கடித்தது. அதில் 190க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இப்போருக்குப் பின்னர், நீர்மூழ்கிக் கப்பலை வாங்கிப் பயன்படுத்துவதோடு அமையாது, நாட்டிலேயே கட்டவும் வேண்டும் என்னும் எண்ணம் கடற்படையில் வலுப்பெற்றது. சோவியத் ஒன்றியம் முடிவுற்ற கலங்களை விற்க முன்வந்தது. கட்டும் முறையைக் கற்றுத்தரவல்ல நாடுகளைத் தேடும் முயற்சியில் மேற்கு செருமனி, சுவீடன் ஆகிய நாடுகளின் வடிவமைப்புகள் ஆராயப்பட்டன. முடிவில் கீல் நகரிலுள்ள ஹோவால்ட்ஸ்வெர்க்கே டாய்ச்ச வெர்ஃப்ட் என்னும் நிறுவனம் தெரிவு செய்யப்பட்டது. இது எச்.டி.டபிள்யூ. என்னும் சுருக்கப் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது.

ஒப்பந்தமும் கலங்களும்

1981 டிசம்பர் 11ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இதன்படி இரு கலங்கள் கீல் நகரிலும், அடுத்த இரு கலங்கள் அங்கிருந்து அனுப்பப்படும் பொருள்களைக் கொண்டு மசகானிலும் கட்டப்பட வேண்டும். இந்தியப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் செருமனியில் பயிற்சி பெறுவதற்கும் வழிசெய்யப்பட்டது. மேலும் இரு கலங்கள் மசகானில் கட்டப்படும் என 1984இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாறு வரிசையின் எண்ணிக்கை ஆறாக வகுக்கப்பட்டது.

முதற்கலத்திற்குச் சிசுமார் எனப் பெயரிடப்பட்டது. சிசுமாரம் என்னும் வடசொல் ஓங்கில் இனத்தைச் சார்ந்த நீர்வாழுயிரைக் குறிக்கும். விண்மீன் மண்டலத்தைச் சிசுமார வடிவமாகப் புராணங்கள் உருவகிப்பதும் அறியத்தக்கது. கீல் நகரில் கட்டப்பட்ட சிசுமார் 1986 செப்டம்பரிலும் சங்குஷ் அதே ஆண்டு நவம்பரிலும் படையிற் சேர்ந்தன. மசகானில் கட்டப்பட்ட சல்கி 1989 செப்டம்பர் 30ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டு, 1992 பிப்ரவரி 7ஆம் நாள் படையிற் சேர்ந்தது. இந்திய மண்ணில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கிக் கப்பல் இதுவே. நான்காம் கலமான சங்குல் 1994 மே 28ஆம் நாள் படையிற் சேர்ந்தது.

வடிவமைப்பு

சிசுமார் வகை, செருமானியர் 209 என எண்ணிட்டு வழங்கும் பெருவகையின் ஒரு பிரிவாகும். உல்ரிக் காப்ளர் என்னும் பொறியாளர் லூபெக் நகரில் நிறுவிய வடிவமைப்பு நிலையம் இதனை உருவாக்கியது. 1970களின் தொடக்கம் முதல் கிரேக்கம், துருக்கி, பெரு, அர்ஜென்டினா முதலிய பல நாடுகள் 209 வகைக் கலங்களை வாங்கின. எனினும் இந்தியா பெற்ற வடிவம் பிற நாடுகள் பெற்றவற்றினும் பெரியது. சில கூறுகளில் தனித்தன்மை உடையது.

கலத்தின் நீளம் 64.4 மீட்டர், அகலம் 6.5 மீட்டர். நீரில் மூழ்கிய நிலையில் அதன் எடை சுமார் 1,850 டன். நான்கு டீசல் எந்திரங்கள் மின்னாக்கிகளை இயக்கி மின்கலங்களை நிரப்பும். மின்கலங்களின் ஆற்றலால் இயங்கும் ஒரே மின்மோட்டார் சுழல்விசிறியைச் சுழற்றும். நீருக்குள் டீசல் எந்திரம் இயங்குவதற்குக் காற்று இல்லை. ஆகவே கலம் மேற்பரப்பிற்கு அருகே வந்து, மூச்சுக்குழலை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக் காற்றை உள்ளிழுத்து மின்கலங்களை நிரப்பிக்கொள்ளும். பகைவரின் கண்ணிலும் கருவியிலும் அகப்படும் இடர் மிகுந்த பொழுது அதுவே. எனவே மூச்சுக்குழலை நீட்டும் நேரத்தைக் குறைப்பதே இத்தகைய கலங்களின் வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் எனலாம்.

நீரின் மேற்பரப்பில் 11 கடல் மைல் வேகத்தில் செல்லும் இக்கலம், நீருக்குள் மணிக்கு 22 கடல் மைல் வரை விரையவல்லது. அலையைக் கிழித்தற்கன்றி ஆழ்நீரில் வழுக்கிச் செல்வதற்கேற்ப அதன் உடல் அமைக்கப்பட்டுள்ளமையே இதற்குக் காரணம். முன்புறத்தில் எட்டு டார்பிடோக் குழாய்களும், மொத்தம் பதினான்கு டார்பிடோக்களை வைப்பதற்கான இடமும் உள்ளன. சுமார் நாற்பது பேரே கலத்தை இயக்கப் போதுமானவர். முந்தைய சோவியத் கலங்களுக்கு இதனினும் மிகப் பலர் வேண்டியிருந்தனர். தானியங்கிக் கருவிகளின் பெருக்கத்தை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இவ்வகையின் சிறப்புக் கூறு மீட்புக் கோளமாகும். கலம் ஆழ்கடலில் செயலிழந்தால் அதிலுள்ளோர் அனைவரும் இக்கோளத்துள் புகுந்து கதவை அடைத்துக்கொள்ளலாம். கோளம் கலத்தினின்றும் விடுபட்டு மேற்பரப்பிற்கு மிதந்து வரும். கலத்தின் உடல் தாங்கும் அழுத்தத்தைக் கோளமும் தாங்கும். உயிர்வளியும் அதற்கெனத் தனியே உண்டு. பிற நாடுகளின் 209 வகைக் கலங்களில் உடல் பெரும்பாலும் ஒரே அறையாக அமைய, இந்தியக் கலங்களில் தடுப்புச் சுவரால் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது.

கட்டுவோரின் திறனைச் சோதிக்கும் கூறு அழுத்தத்தைத் தாங்கும் உட்கூடாகும். 260 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 26 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையளவு அழுத்தம் விழும். வளைத்த உருக்குத் தகடுகளை வளையங்களாக்கி, வளையங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து இக்கூடு உருவாக்கப்படுகிறது. வட்டம் சிறிது கோணினும் கூட்டின் வலிமை குன்றும். பற்றவைத்த தையல்களை ஊடுகதிர்ப் படம் முதலிய முறைகளால் சோதித்துக் குறை கண்டவிடத்து மீண்டும் செய்தல் வேண்டும். வரைபடத்தைப் பெற்ற மாத்திரத்தில் இத்திறன் கைவருவதில்லை. கைவந்த பின்னரும் செய்து கொண்டிருந்தாலன்றி நிலைப்பதில்லை.

நீருக்குள் மறைந்திருக்கும் கலத்தோடு கரையிலுள்ளோர் தொடர்பு கொள்வதும் ஒரு சிக்கலே. சாதாரண வானொலி அலைகள் கடல்நீருள் புகா. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளே சில மீட்டர் ஆழம் வரை செல்லும். அத்தகைய அலைபரப்பு நிலையம் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள விஜயநாராயணத்தில் அமைக்கப்பட்டு 1990இல் செயற்படத் தொடங்கியது. அதற்குக் கட்டபொம்மன் எனப் பெயரிடப்பட்டுள்ளது. மசகானில் சல்கி கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் நெல்லைச் சீமையில் இந்நிலையம் எழுந்தமை, நீர்மூழ்கிப் படையை நாட்டிலேயே வேரூன்றச் செய்யும் முயற்சி எத்துணை விரிவாக நடைபெற்றது என்பதற்குச் சான்றாகும்.

வரிசை நின்றமை

ஐந்தாம் ஆறாம் கலங்களுக்கான விலை பற்றிய பேச்சின்போது சிக்கல் எழுந்தது. விலையில் ஏழு விழுக்காடு இடைத்தரகுக் கட்டணம் அடங்கியுள்ளது என்னும் செய்தியைத் தாங்கிய தந்தி 1987இல் மேற்கு செருமனியிலிருந்த இந்தியத் தூதரகத்திலிருந்து வந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி. பி. சிங் அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் விசாரணைக்கு ஆணையிட்டார். ஏப்ரல் 12ஆம் நாள் அவர் பதவி விலகினார். சில நாள்களில் போபர்ஸ் பீரங்கிச் செய்தியும் வெளிப்பட, படைக்கருவி வணிகம் முழுவதும் அரசியல் விவாதப் பொருளாயிற்று.

இச்சூழலில் எச்.டி.டபிள்யூ. உடனான ஏற்பாடு நான்கு கலங்களோடு முடிவுற்றது. 1990இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. பல்லாண்டுகளுக்குப் பின்னர்ப் போதிய சான்று கிடைக்கவில்லை என அவ்வழக்கு முடித்துவைக்கப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, கைவிடப்பட்ட இரு கலங்களும் கட்டப்படவில்லை.

கலங்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர், இதனால் பெரிய இழப்பு நேரவில்லை எனக் கூறக்கூடும். 1986 முதல் சோவியத் ஒன்றியத்திலிருந்து சிந்துகோஷ் வகைக் கலங்கள் விரைந்து வந்தன. 2000க்குள் அவை பத்தாகப் பெருகின. கடற்படையின் உடனடித் தேவையை அவை நிறைவு செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை கட்டி முடிக்கப்பட்டு வந்தவை. கலம் வேண்டும் என்னும் தேவைக்கு அவை விடையாயின. கட்டத் தெரிய வேண்டும் என்னும் தேவைக்கு அவை விடையாகவில்லை.

நீலகிரி வரிசையோடு ஓர் ஒப்பீடு

மசகான் தளத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1774இல் சிறிய உலர்துறையாகத் தோன்றி, 1934இல் நிறுவனமாகப் பதிவு பெற்று, 1960இல் அரசுடைமையானது. பிரித்தானியரின் லியாண்டர் வடிவமைப்பைத் தழுவி இங்குக் கட்டப்பட்ட முதற்போர்க்கப்பலான நீலகிரி 1972 சூன் 3ஆம் நாள் படையிற் சேர்ந்தது. அதனைத் தொடர்ந்து அவ்வகையைச் சார்ந்த மேலும் ஐந்து கப்பல்கள் 1981க்குள் முடிவுற்றன.

இவ்வாறும் ஒன்றுபோல் அமைந்தவையல்ல. ஒவ்வொரு கப்பலிலும் உள்நாட்டுப் பொருளின் பங்கு கூடியது. இறுதி இரு கப்பல்களில் பெரிய ஹெலிகாப்டரைத் தாங்குமாறு வடிவமைப்பே மாற்றப்பட்டது. அப்பயிற்சியின் பயனாக, இந்திய வடிவமைப்பாளர் உருவாக்கிய கோதாவரி 1983இல் படையிற் சேர்ந்தது. முற்றுப்பெற்ற ஒரு வரிசை அடுத்த வகையை ஈன்றது எனலாம்.

சிசுமார் வரிசையிலும் அத்தகைய வளர்ச்சி தொடங்கியிருந்தது. சல்கியின் பணி 1984இல் தொடங்கி 1992இல் முடிந்தது, ஏறத்தாழ எட்டாண்டுகள். சங்குலின் பணி 1989இல் தொடங்கி 1994இல் முடிந்தது, ஐந்தாண்டுகளுக்கும் குறைவு. ஒரே தளம், ஒரே வடிவமைப்பு. முதற்கலத்திற்கும் இரண்டாம் கலத்திற்கும் இடையே மூன்றாண்டுகள் குறைந்தன. தொழில் கைவந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அத்திறனைக் கொண்டு அடுத்த கலத்தைத் தொடங்க வேண்டிய நேரத்தில் வரிசை நின்றது.

விக்ரோலி தரும் சான்று

நீர்மூழ்கிக் கப்பல் ஒரு தளத்திற்குள் மட்டும் உருவாவதன்று. அடைப்பான்கள், குழாய்கள், எக்கிகள், துல்லியமாகக் கடைந்த உருக்குப் பாகங்கள் எனப் பல தொழிலகங்களின் உழைப்பு அதில் சேர்கிறது. மும்பையில் அத்தகைய தொழிலகங்களுக்குக் குறைவில்லை. குர்லா, காட்கோபர், விக்ரோலி, பாண்டுப் என நீளும் கிழக்குப் புறநகர்ப் பகுதி பொறியியல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர் பலர் வேலை தேடிச் சென்ற வட்டாரமும் இதுவே. ஆனால் சல்கிக்கும் சங்குலுக்கும் வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் செருமனியிலிருந்தே வந்தமையால், இவ்வட்டாரத்தின் திறன் மசகானின் வரிசையோடு இணையும் காலம் வருமுன் வரிசையே முடிந்துவிட்டது.

அதே காலத்தில் விக்ரோலியில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. பிரெஞ்சு நாட்டு வைக்கிங் எந்திரத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய விகாஸ் என்னும் திரவ எரிபொருள் எந்திரத்தின் பாகங்களை, விக்ரோலியிலுள்ள கோத்ரெஜ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதி முதல் செய்து வந்தது. ஐதராபாத்திலுள்ள தொழிலகமும் இதில் பங்கு பெற்றது. எந்திரங்கள் தமிழகத்தின் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டன. 1993இல் பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் முதற்பயணம் தோல்வியுற்றது. ஆயினும் பணி நிறுத்தப்படவில்லை. ஆண்டுதோறும் எந்திரங்கள் கேட்கப்பட்டன, ஆண்டுதோறும் செய்யப்பட்டன. பின்னர்க் கடுங்குளிர் எரிபொருள் எந்திரப் பாகங்களையும் அதே தொழிலகம் மேற்கொண்டது.

இரண்டும் அயல்நாட்டிலிருந்து பெற்ற தொழில்நுட்பங்கள். இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே பத்தாண்டில் கற்கப்பட்டவை. தொழிலாளரின் திறனிலோ பயிற்சியிலோ வேறுபாடு காண இயலாது. விக்ரோலியில் கற்றது தொடர்ந்து செய்யப்பட்டது. மசகானில் கற்றது இடையில் நிறுத்தப்பட்டது. இவ்விரண்டின் பயன் வேறுபட்டமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம்.

இடைவெளியின் விலை

1994க்குப் பின் மசகான் தளம் வாளாவிருக்கவில்லை. தில்லி வகைப் பெரும்போர்க்கப்பல்களைக் கட்டியது. சிசுமார் வகைக் கலங்களைப் பழுதுபார்த்தது. அதனால் ஓரளவு திறன் காக்கவும்பட்டது. எனினும் புதிய அழுத்தக்கூடு எதுவும் கட்டப்படவில்லை. கீல் நகரில் பயின்றோர் ஓய்வு பெற்றனர். சிலர் வேறு பணிகளுக்குச் சென்றனர். அவர்தம் கையறிவைப் பெற்றுக்கொள்ள அடுத்த தலைமுறையினர்க்குக் கலம் இல்லை.

முப்பதாண்டுக்கால நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்திற்கு 1999இல் அரசு ஒப்புதல் அளித்தது. பிரெஞ்சு நாட்டு ஸ்கார்பீன் வடிவமைப்பில் ஆறு கலங்களை மசகானில் கட்டுவதற்கான ஒப்பந்தம் 2005 அக்டோபரில் கையெழுத்தாயிற்று. அவற்றுள் முதலாவது, பழைய முதற்கலத்தின் பெயரையே தாங்கிய கல்வரி, 2017 டிசம்பர் 14ஆம் நாள் படையிற் சேர்ந்தது. சங்குலுக்கும் இக்கல்வரிக்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இவ்வளவு காலம் மசகானிலிருந்து புதிய நீர்மூழ்கிக் கப்பல் எதுவும் வெளிவரவில்லை.

இங்கு இரு எண்களை ஒப்பிடுதல் தகும். 1981இல் ஒப்பந்தம் செய்து, நாட்டில் கட்டிய முதற்கலமான சல்கியைப் பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேலாயின. 2005இல் ஒப்பந்தம் செய்து கல்வரியைப் பெறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளாயின. கருவிகளைக் கொள்முதல் செய்வதில் நேர்ந்த தாழ்வு முதலிய பிற காரணங்களும் இரண்டாம் தாமதத்திற்கு உண்டு, வடிவமைப்பும் வேறு. ஆயினும் முன்பு கற்ற ஒரு தளம், கல்லாத தளம் எடுத்துக்கொண்ட காலத்தினும் மிகுதியாக எடுத்துக்கொண்டமை நோக்கத்தக்கது. ஒரு பாடத்தை இருமுறை கற்க வேண்டியிருந்தது. இருமுறையும் அதற்குரிய காலத்தையும் பொருளையும் செலுத்த வேண்டியிருந்தது.

கல்வரிக்குப் பின் நிகழ்ந்தவையும் இக்கருத்தை வலியுறுத்துகின்றன. கந்தேரி 2019இலும், கரஞ்ச், வேலா ஆகியவை 2021இலும், வாகிர் 2023இலும், வாக்சீர் 2025 சனவரி 15ஆம் நாளும் படையிற் சேர்ந்தன. இம்முறை வரிசை ஆறும் முற்றுப்பெற்றது.

முடிவுரை

சிசுமார் வகையில் கட்டப்படாது போனவை இரு கலங்கள். ஆனால் இழப்பை இரு கலங்களாக மட்டும் கணக்கிடுதல் பொருந்தாது. ஐந்தாம் கலம் நான்காம் கலத்தினும் விரைவில் முடிந்திருக்கக்கூடும். ஆறாம் கலத்தில் உள்நாட்டுப் பொருள் கூடியிருக்கக்கூடும். நீலகிரியின் வழியில் கோதாவரி தோன்றியவாறு புதியதோர் இந்திய வடிவமைப்பிற்கு வழி பிறந்திருக்கக்கூடும். இவற்றிற்கான வாய்ப்பே இழக்கப்பட்டது. விலையில் முறைகேடு உண்டா என ஆராய்தல் அரசின் கடமையே. அவ்வாராய்ச்சியோடு கட்டும் பணியையும் நிறுத்தியது, ஐயத்திற்குரியோரைத் தண்டிக்கவில்லை. தொழில் கற்றோரையே பாதித்தது.

கட்டப்பட்ட நான்கின் உழைப்பாற்றலுக்கும் சான்று உண்டு. சங்குஷ் கலத்தைப் பெரும்பழுதுபார்த்து அதன் வாழ்நாளை நீட்டிக்கச் சுமார் 2,725 கோடி ரூபாய் மதிப்பில் 2023 சூன் மாதத்தில் மசகான் தளத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதே மாதத்தில், எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தின் வழித்தோன்றலான செருமானிய நிறுவனத்துடன் இணைந்து அடுத்த நீர்மூழ்கித் திட்டத்தில் பங்குபெறும் புரிந்துணர்விலும் மசகான் கையெழுத்திட்டது. 1987இல் அறுபட்ட இழையின் மறுமுனையை முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் தேடியெடுக்க வேண்டியதாயிற்று. எத்தனை கலங்கள் கட்டத் திட்டமிடப்படுகின்றன என்பதனினும், ஒரு கலத்தின் பணி முடியுமுன் அடுத்த கலத்தின் பணி தொடங்குகிறதா என்பதே இனிவரும் வரிசைகளை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் என்பதைச் சிசுமார் வகையின் வரலாறு தெளிவுறுத்துகிறது.